இடாப்பும் எண்ணிக்கையும்

காலையில் வகுப்பறையுட் புகும் ஆசிரியர் முதலிற் செய்யுங் கருமம் வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுதலாகும். கூப்பிட்டு முடிந்ததும் அன்றைய திகதியின் கீழ் வந்தோர் இத்தனை பேர் என்று ஓர் எண்ணை இடுவார். அவ்வெண்ணும் வாங்குகளில் இருக்கும் பிள்ளைகளின் தொகையும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாத நாளில் அதிபர் வந்து தலைகளை எண்ணத் தொடங்கினால் ஆசிரியர் படும் பாட்டைக் கடைசி வாங்கிலிருந்து கண்டு களித்தவர் நம்முட் பலர். அன்று நகைப்புக்கிடமாயிருந்த அவ்விடர் பல ஆண்டுகளின் பின் எம்மையே வந்து பற்றிக்கொண்டது. வரவு இடாப்பிலன்று, யாம் எழுதிய கணினிச் செய்நிரலில். அதனையே இங்குப் பாடமாக எழுதப் புகுந்தோம்.

எம் செய்நிரல் பைதன் என்னும் கணினிமொழியில் எழுதப்பட்டது. க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் அம்மொழி இடம்பெற்றுள்ளமையால் இன்றைய மாணவர் அதனை நன்கறிவர். அறியாத மூத்தோர் பொருட்டு இரண்டொரு சொற் கூறுவோம். ஒல்லாந்து நாட்டவராகிய கைடோ வான் றொசம் என்பார், அம்ஸ்ரர்டாம் நகரில் உள்ள கணித, கணினியியல் ஆய்வு நிலையத்திற் பணியாற்றுகையில், 1989ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் இதனை ஆக்கத் தொடங்கி 1991இல் வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைத்தல் வேண்டா. மொன்ரி பைதன் என்னும் பிரித்தானிய நகைச்சுவைக் குழுவினரின் பெயரிலிருந்து வந்தது அது. 2008இல் வெளிவந்த மூன்றாம் பதிப்புத் தொடக்கம், நாம் ஆக்குவனவற்றிற்குத் தமிழெழுத்திலேயே பெயரிடவும் இம்மொழி இடந்தருகின்றது. ஆகவே சங்கத்தின் அங்கத்தவர் பெயர்களைக் கொள்ளுதற்கு யாம் வகுத்த கொள்கலத்திற்கு 'இடாப்பு' என்றே பெயரிட்டோம்.

கொள்கலம் என்பது பல பொருள்களைத் தன்னுள்ளே கொண்டிருக்கும் பொருள். கடகத்தில் மாம்பழம் இருப்பதுபோலப் பைதனின் பட்டியலிற் பெயர்கள் இருக்கும். எத்தனை இருக்கின்றன என்று கேட்பதற்கு மொழியிலேயே ஒரு சார்பு உண்டு. ஆங்கிலத்தில் எல், ஈ, என் என்னும் மூன்றெழுத்தால் எழுதப்பட்டு 'லென்' என ஒலிப்பது. நீளம் என்னும் பொருள்படும் சொல்லின் குறுக்கம். பட்டியலைக் கேட்டால் உறுப்புக்களின் தொகையைச் சொல்லும். அகராதியைக் கேட்டால் தலைச்சொற்களின் தொகையைச் சொல்லும். யாம் வகுத்த இடாப்பைக் கேட்டபோதோ அது சொல்லவில்லை. 'டைப் எரர்' என்னும் வகைவழுவை எழுப்பி, இடாப்பு என்னும் வகைப் பொருளுக்கு லென் இல்லை என்று அறிவித்துச் செய்நிரல் நின்றுவிட்டது.

இச்செய்தியைக் கண்டு அஞ்சுவதற்கு யாதுமில்லை. உள்ளதை உள்ளவாறு அது கூறுகின்றது. இடாப்பினுள்ளே ஒரு பட்டியல் இருப்பது நமக்குத் தெரியும். பைதனுக்கு அதுபற்றி எவரும் சொல்லவில்லை. உள்ளேயிருக்கும் எதனை எண்ணவேண்டும் என்பதை வகுப்பை ஆக்கியவரே சொல்லிவைத்தல் வேண்டும். சொல்லும் வழியும் எளிது. வகுப்பினுள்ளே, 'லென்' என்னும் பெயருக்கு முன்னே இரண்டு அடிக்கோடும் பின்னே இரண்டு அடிக்கோடும் இட்டு ஒரு முறையை எழுதி, அது ஒரு தொகையைத் திருப்பித் தரும்படி செய்தல் வேண்டும். இத்தகைய ஈரடிக்கோட்டுப் பெயர்களைப் பைதன் பயில்வோர் 'டண்டர்' என வழங்குவர். நாம் வெளியிலிருந்து 'லென்' எனக் கேட்க, பைதன் உட்சென்று 'டண்டர் லென்' என்பதைத் தேடி, அதன் விடையை நமக்குக் கொணர்ந்து தருகின்றது.

இதிலே தொடக்கநிலையினர் தவறும் இடங்கள் சில. பெயரின் இருபுறத்தும் ஒவ்வோர் அடிக்கோடே இட்டுவிடுதல்; குறுக்கத்தை விட்டு ஆங்கிலச் சொல்லை முழுதாக எழுதிவிடுதல்; முறையை வகுப்பினுள்ளே உள்தள்ளி எழுதாது வெளியே விட்டுவிடுதல். இம்மூன்றிலும் பழைய செய்தியே திரும்பவும் தோன்றும். வகுப்பிலே எழுதாமல், ஆக்கிய ஒரு பொருளின்மேல் மட்டும் அம்முறையைக் கொண்டுபோய் ஒட்டுவாரும் உளர், அதுவும் பயன்படாது. பைதன் இத்தகைய முறைகளைத் தனிப்பொருளிலே தேடுவதில்லை, அதன் வகுப்பிலேயே தேடும். கணக்கிட்டபின் 'றிற்றேண்' எனத் திருப்பித்தர மறந்தால், 'நன்' என்னும் வெறுமைப்பொருள் விடையாகச் சென்று வேறொரு வகைவழு எழும். எண்ணும் நிறைவெண்ணாகவே இருத்தல் வேண்டும். யாம் முதலில் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் பெயருக்கொரு வரியும் விலாசத்திற்கொரு வரியுமாக இரண்டு வரி வைத்திருந்தோம். வரிகளின் தொகையை இரண்டால் வகுத்தோம். பைதனின் மூன்றாம் பதிப்பில் ஒற்றைச் சாய்கோட்டால் வகுத்தால், மீதியின்றி வகுபட்ட போதும் விடை தசம எண்ணாகவே வரும். அரைவாசி மனிதர் எவரும் இல்லையாயினும் பைதன் அவ்விடையை ஏற்க மறுத்தது. இரட்டைச் சாய்கோடு இட்டபின் ஏற்றுக்கொண்டது. குறையெண் வந்தால் 'வல்யூ எரர்' எழும். இக்காலத்து 64 பிற்றுக் கணினியில் 9,223,372,036,854,775,807 என்பதற்கு மேற்பட்டாலும் வழு எழும். சந்தா அறவிடுவதில் எம் பொருளாளர் எத்துணை வல்லவராயினும் சங்கத்துக்கு அவ்விடர் நேராது.

இன்னொரு பொறி சற்று நுண்ணியது. இடாப்பைப் பட்டியலாக மாற்றி அப்பட்டியலின் நீளத்தைத் தந்தால் ஆயிற்றே என்று எம்முடன் உழைத்த இளைஞர் ஒருவர் 'டண்டர் லென்' முறையை அவ்வாறே எழுதிவிட்டார். பார்வைக்குக் குற்றமில்லை. ஆயினும் பைதன் ஒரு பொருளைப் பட்டியலாக மாற்றத் தொடங்கும்போது, எவ்வளவு இடம் ஒதுக்கவேண்டும் என்பதை முன்னரே அறிந்துகொள்ள அப்பொருளின் நீளத்தைத்தான் கேட்கும். நீளத்தைச் சொல்லப் பட்டியல் வேண்டும். பட்டியலை ஆக்க நீளம் வேண்டும். இருவரும் மாறிமாறி ஒருவரையொருவர் அழைத்து, ஏறத்தாழ ஆயிரம் அழைப்பானதும் 'றிகேர்சன் எரர்' என்று கூவி நின்றுவிட்டன. பெயர் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று கூட்டினால் இச்சுழல் இல்லை. உள்ளேயிருக்கும் பட்டியலையே நேராகக் கேட்டுவிடுதல் அதனினும் நன்று. பட்டியல் தன் தொகையைத் தன்னுடனேயே வைத்திருப்பதால் எண்ணாமலே விடை சொல்லும்.

இவ்வளவும் இரண்டு மாலைப்பொழுதிலே திருத்தப்பட்டன. லென் 412 என்றது. வழு ஒன்றும் இல்லை. யாம் மகிழ்ந்து, விழாவுக்கு அழைப்புக் கடிதங்களை அச்சிடும் வேலையையும் அச்செய்நிரலிடமே விட்டோம். இராப்போசனத்துக்கு 412 பேர் எனச் சமையற்காரருக்கும் சொல்லியனுப்பினோம்.

பத்து நாள் சென்றபின் தொலைபேசியில் ஓர் அம்மையார் அழைத்தார். கடுஞ்சொல் ஒன்றுங் கூறினாரல்லர். "தம்பி, அவர் போய் மூன்று வருஷமாயிற்று. கடிதத்தில் அவருடைய பெயரை அடித்து, குடும்பசமேதராய் வரவேண்டுமென்று போட்டிருக்கிறீர்கள். செத்தவீட்டுக்குச் சங்கத்திலிருந்துதான் மலர்வளையம் வந்தது" என்றார். அதற்கு யாம் சொல்லத்தக்க மறுமொழி ஒன்றும் இருக்கவில்லை.

அவர் மறைந்த செய்தி இடாப்பில் இல்லாமலில்லை. மறைந்தவர் 15 பேருக்கும் யாமே அடையாளம் இட்டு வைத்திருந்தோம். பெயர்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டும் 'போர்' என்னும் சுற்றிலே அடையாளமிட்டவரை விட்டுச் செல்லும்படியும் எழுதியிருந்தோம். அச்சுற்றைத் திரையில் ஓடவிட்டு, மறைந்தவர் பெயர் ஒன்றும் வாராமை கண்டு, எல்லாம் சரியென்று துணிந்தோம். நீளத்தைச் சொல்லும் முறையோ உள்ளேயிருந்த முழுப்பட்டியலின் தொகையையே தந்துகொண்டிருந்தது. கடிதம் அச்சிட்ட பகுதி, கடிதத்திற்குத் தொடரிலக்கம் இடவேண்டியிருந்தமையால், 'போர்' சுற்றில் இடாப்பை நேரே பற்றாது, சுழியத்திலிருந்து நீளத்திற்கு ஒன்று குறைந்த எண்வரை சுட்டெண்ணால் ஒவ்வொருவராக எடுத்தது. சுட்டெண்ணால் எடுத்துத் தரும் 'டண்டர் கெற்ஐற்றம்' என்னும் முறையும் முழுப்பட்டியலையே பார்த்தது. ஒரே இடாப்பு: சுற்றிவந்தால் 397 பேர், எண்ணிக் கேட்டால் 412 பேர். பைதன் இம்முரண்பாட்டைக் கண்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாது. நீளம் இல்லாத பொருளை அது உடனே காட்டிக்கொடுக்கும். பொய்யான நீளத்தை அது அறியாது. முதல்நாள் எம்மை எரிச்சலூட்டிய அந்த வகைவழுவையே, பின்னாளில் யாம் நன்றியுடன் நினைத்தோம்.

அவசரத்தில் யாம் செய்ய நினைத்த திருத்தத்தையும் மறையாது கூறுவோம். 'டண்டர் லென்' முறையில் 412இலிருந்து 15ஐக் கழித்துவிட்டால் முடிந்தது என எண்ணினோம். நல்லவேளையாகத் தாளில் எழுதிப் பார்த்தோம். அவ்வாறு செய்திருப்பின் சுட்டெண் முழுப்பட்டியலின் முதல் 397 பெயரோடு நின்றிருக்கும். அவற்றினிடையே மறைந்தவர் பெயர்களும் இருந்தமையால் அவர்களுக்கு மறுபடியும் கடிதம் போயிருக்கும். பட்டியலின் கடையிலே இருந்த, சென்ற ஆண்டு சங்கத்திற் சேர்ந்த இளைஞர் 15 பேருக்குக் கடிதமே போயிராது. தொகை மாத்திரம் சரியாக இருந்திருக்கும். கணக்குப் புத்தகத்தில் விடை ஒத்துவர வேண்டுமென்று இடையிலே ஒரு வரியை நுழைக்கும் மாணவனின் செய்கை இது.

ஆகவே நீளத்தைப்பற்றி எழுதுமுன் எதனை எண்ணுகின்றோம் என்பதைத் தெளிதல் வேண்டும். இதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் உண்டு. 'இடாப்பு' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று ஆரம்ப வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் இ, டா, ப், பு என விரல் மடக்கி 4 என்று சொல்லும். பைதனின் லென் 7 என்று சொல்லும். யூனிக்கோட் முறையிலே டகரமும் அதன் காலும் வெவ்வேறு குறிகள். பகரமும் புள்ளியும் வெவ்வேறு. பகரமும் உகரக்குறியும் வெவ்வேறு. பிள்ளையும் பிழைக்கவில்லை, பைதனும் பிழைக்கவில்லை. ஒருவர் எழுத்தை எண்ணினார், மற்றது குறியை எண்ணிற்று. தமிழ்ச் சொற்களுக்கு ஒரு கொள்கலம் வகுப்போர் தம் 'டண்டர் லென்' முறையில் எழுத்தை எண்ணித் தரலாம். அப்படித் தருவதாயின், மூன்றாவதை எடு என்றால் 'ப்' என்னும் முழுவெழுத்தையே எடுத்துத் தருதலும், சுற்றிவந்தால் நான்கு எழுத்தோடு நிற்றலும் வேண்டும். எழுத்தென்று எண்ணிவிட்டுக் குறியென்று கொடுத்தல் ஆகாது. எம் இடாப்பிலே நேர்ந்ததும் அதுவே.

யாம் செய்த திருத்தம் இது. இடாப்பினுள்ளே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பட்டியல் வைத்தோம்: இருப்போர் ஒன்று, மறைந்தோர் ஒன்று. ஒருவர் மறைந்தால் அவர் பெயரை முன்னதிலிருந்து பின்னதற்கு மாற்ற 'மறைந்தார்' என்னும் முறையொன்று எழுதினோம். நீளமும், சுட்டெண்ணும், சுற்றும் ஆகிய மூன்றும் இருப்போர் பட்டியலையே பார்க்கும். தொகையைத் தனியே ஓர் எண்ணாக எழுதிவைத்துச் சேருந்தோறும் ஒன்று கூட்டியும் நீங்குந்தோறும் ஒன்று குறைத்தும் வருதல் சிலர் வழக்கம். யாம் அதனை விரும்பவில்லை. ஒரு தரம் குறைக்க மறந்தால் அப்பிழை என்றும் மறையாது. இருதரம் குறைத்தால், தொகை சுழியத்தின் கீழே போகும் நாள்வரை பைதன் வாய்திறவாது.

இத்துடன் முடிந்ததென்று இருந்தவிடத்து, முற்றும் வேறான ஒரு மூலையிலே புதுப்பிழை முளைத்தது. ஒவ்வோர் ஆண்டுப் பிரிவினருக்கும் ஒரு சிறு இடாப்பு வைத்திருந்தோம். பெயர் சேர்க்கும் சார்புக்கு ஓர் இடாப்பைக் கொடுத்தால் அதிற் சேர்க்கும். கொடாவிட்டால் புதிதாக ஒன்று ஆக்கிக்கொள்ளும். 'தரப்பட்டது அல்லது புதியது' என்று ஒரே வரியில் அதனை எழுதியிருந்தோம். நெடுநாளாக நன்றாகவே நடந்தது. 'டண்டர் லென்' எழுதிய பின்னர், வெறுமையான இடாப்பை எடுத்துக்கொண்டு எத்தனை தரம் பெயர் சேர்த்தாலும் அது வெறுமையாகவே இருந்தது. காரணம் யாதெனின், பைதன் ஒரு பொருளை மெய்யா பொய்யா என்று ஆராயும்போது, அதற்கென 'டண்டர் பூல்' என்னும் முறை இல்லையாயின், நீளத்தைக் கேட்கும்; நீளம் சுழியமாயின் பொய் எனக் கொள்ளும். நீளமே இல்லாதிருந்த காலத்தில் எம் இடாப்பு எப்போதும் மெய்யாக இருந்தது. நீளம் வந்தபின் வெற்று இடாப்பு பொய்யாயிற்று. ஆகவே தரப்பட்ட வெற்று இடாப்பை எறிந்துவிட்டுப் புதியதொன்றை ஆக்கி, பெயரை அதிலே எழுதி, அதனையும் எவருங் காணாது போக்கிவிட்டது செய்நிரல். 'நன்' என்னும் வெறுமைப்பொருளா அன்றா என்று வெளிப்படையாக வினவும்படி அவ்வரியை மாற்றியதும் சரியாயிற்று. வரவு இடாப்பில் இன்று ஒருவரும் வரவில்லை என்பதும், இடாப்பே இல்லை என்பதும் வேறல்லவா?

தாமே வகுப்பு ஆக்கப் புகும் மாணவர், கொலெக்சன்ஸ் ஏபீசி என்னும் கட்டகத்தில் உள்ள 'சீக்குவென்ஸ்' என்பதைத் தாய்வகுப்பாகக் கொள்வது நன்று. அத்தாய்வகுப்பு, நீளமும் சுட்டெண் முறையும் எழுதப்படாத மகவைப் பொருளாக்கவே விடாது. பின்னொரு நாள் நடுவழியில் நின்றுவிடுவதை ஆக்கும்போதே தடுத்துவிடும். அவ்விரண்டையும் எழுதிக்கொடுத்தால், சுற்றிவருதலும், உண்டா என வினவுதலும், பின்னிருந்து முன்னாகச் செல்லுதலும் தாய்வழிச் சொத்தாகத் தாமே வந்துவிடும். பின்னிருந்து வருதல் எமக்கு ஒரு சோதனையாகவும் உதவியது. முன்னிருந்து செல்லும் சுற்று சுட்டெண் தீர்ந்தவிடத்து அமைதியாக நின்றுவிடும். பின்னிருந்து வருவதோ நீளத்தை நம்பியே தொடங்குவதால், நீளம் ஒன்று கூடியிருப்பினும் முதலடியிலேயே 'இண்டெக்ஸ் எரர்' எழும்.

எல்லாப் பொருளுக்கும் நீளம் வேண்டுமென்பதுமில்லை. 'ஜெனரேற்றர்' என்பது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது. வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் போன்றது. அதனிடம் லென் கேட்டால் வகைவழு எழும். எண்ணியே தீரவேண்டுமென்று முழுவதையும் இழுத்து எண்ணினால், தொகை கையிலிருக்கும்; பொருள் ஒன்றும் எஞ்சியிராது. அங்கே கேள்வியைக் கைவிடுதல் தகும். அல்லது முதலிலேயே பட்டியலிற் பிடித்து வைத்துக்கொள்ளுதல் தகும். பொய்யாக ஒரு 'டண்டர் லென்' எழுதிச் செய்தியை வாயடைக்கச் செய்தல் தகாது.

தொலைபேசியில் அழைத்த அம்மையார் வீட்டுக்கு யாமும் செயலாளரும் நேரிற் சென்றோம். திருத்திய இடாப்பின் பிரதியையும் கொண்டு சென்றிருந்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து, இருப்போர் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் பார்த்துவந்து, ஓரிடத்தில் விரலை வைத்தார். தம் கணவருடன் ஒரே வாங்கிலிருந்து படித்தவராம். அவரும் சென்ற தையிலே காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தமையால் சங்கத்துக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை என்றார். அன்றிரவு 'மறைந்தார்' முறையை ஒருமுறை அழைத்தோம். இருப்போர் 396 என்றும் மறைந்தோர் 16 என்றும் லென் சொல்லிற்று. சமையற்காரருக்கும் அவ்வாறே அறிவித்தோம். விழாவன்று மௌன அஞ்சலிக்கு முன்னர் செயலாளர் 16 பெயர்களை வாசித்தார். அம்மையார் முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.